பனி மூடிய மலையில் நடக்கப் போகிறீர்களா? கேதார்காந்தாவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பனியில் நடந்து பழக நம் ஊரில் இடமே கிடையாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும், வெயில் வந்ததும் போய்விடும். அதனால் இங்கிருந்து முதல் தடவை இமயமலைப் பக்கம் குளிர்கால மலையேற்றத்துக்குப் போகிற பலர் “எவ்வளவு குளிரும்?” என்பதை மட்டும் கேட்டுவிட்டு, கிடைத்த தடிமனான ஸ்வெட்டரையெல்லாம் பையில் திணித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். குளிரைச் சமாளிக்கலாம், அதற்குத் துணி இருக்கிறது. ஆளைச் சாய்ப்பது ஈரம். வியர்வையால் வரும் ஈரம், ஷூவுக்குள் புகுந்த பனி உருகி வரும் ஈரம், கூடாரத்துக்குள் நாம் விடும் மூச்சே உறைந்து சொட்டும் ஈரம். கீழே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் இந்த ஈரத்தை எப்படித் தள்ளி வைப்பது என்பதுதான்.

எடுத்துக்காட்டாக உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தாவை எடுத்துக்கொள்கிறேன். உச்சி 12,500 அடி, அதாவது சுமார் 3,810 மீட்டர். உத்தரகாசி மாவட்டத்தில், கோவிந்த் வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. கயிறு கட்டி ஏற வேண்டிய இடம் எதுவும் இல்லை, குளிர்காலம் முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கும், முதல் பனி மலைக்கு ஏற்ற இடம். தயாரா புக்யால், பிரம்மதால், முசூரிக்குப் பின்னால் இருக்கும் நாக் டிப்பா போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

எப்போது போவது

பனி வேண்டும் என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. டிசம்பர் முதல் வாரத்தில் போனால் மேலே கொஞ்சம் பனி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குளிர்காலத்தில் இமயமலைக்குப் பனியைக் கொண்டுவருவது மத்திய தரைக்கடல் பக்கமிருந்து நகர்ந்துவரும் காற்றழுத்தத் தாழ்வுகள். வானிலை அறிக்கையில் ‘மேற்கத்திய இடையூறு’ என்று வருமே, அதுதான். அது எப்போது வரும், எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பொறுத்துத்தான் பாதையில் கணுக்கால் அளவு பனியா, இடுப்பளவா என்பது முடிவாகும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை கூட்டம் அலைமோதும், அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் பிப்ரவரிதான் நல்ல மாதம்: பனி நிறைய இருக்கும், பகல் கொஞ்சம் நீண்டிருக்கும், ஜனவரியின் குரூரக் குளிரும் சற்றே தணிந்திருக்கும். மார்ச்சில் காலையில் பனி இறுகி நடக்க வாகாக இருக்கும், ஆனால் மதியத்துக்குமேல் சொதசொதவென்று ஆகிக் கால் உள்ளே போகும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இந்திய வானிலை ஆய்வு மையத்தின் உத்தராகண்ட் முன்னறிவிப்பைத் தினமும் பாருங்கள். நீங்கள் உச்சிக்குப் போக வேண்டிய நாளில் கனமழை, கனத்த பனி என்று எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுவதில் எந்த நஷ்டமும் இல்லை.

உடம்பைத் தயார் செய்வது

குறைந்தது இரண்டு மாதம் வேண்டும். பனியில் ஒவ்வோர் அடியும் மணலில் நடப்பது போல வழுக்கிப் பின்வாங்கும், அதனால் சாதாரண மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் ஆவது இங்கே மூன்று மணி ஆகும். வாரத்தில் நாலு நாள் ஓட்டமோ வேக நடையோ, 5 கி.மீ. தூரத்தை 35 நிமிடத்துக்குள் மூச்சு முட்டாமல் ஓட முடிந்தால் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள் படிக்கட்டு, முதுகில் ஆறேழு கிலோ பையோடு. அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படியே போதும். வாய்ப்பிருந்தால் திருப்பதி அலிபிரி பாதையின் 3,550 படிகளை ஒரே மூச்சில் இல்லாமல், நிதானமாக, ஒரே வேகத்தில் ஏறிப் பாருங்கள். பனி மலையில் தேவைப்படும் நடை அதுதான்: நின்று நின்று வேகமாக ஏறுவது இல்லை, மெதுவாக நிற்காமல் ஏறுவது.

இறங்குவதற்கும் பயிற்சி வேண்டும். முழங்கால் வலி வருவது பெரும்பாலும் இறக்கத்தில்தான், ஆனால் பயிற்சி செய்கிறவர்கள் லிஃப்ட்டில் இறங்கிவிடுகிறார்கள். படியிலேயே இறங்குங்கள்.

இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். இதில் சமாளித்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம்.

உடை: மூன்று அடுக்கு, பருத்தி கூடவே கூடாது

நம் ஊருக்குப் பருத்தியைப் போல நல்ல துணி இல்லை. பனி மலையில் அதே பருத்திதான் எமன். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காயாது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கடத்தும், ஆகவே நனைந்த பனியன் போட்டு நிற்கிற ஆள் நின்ற இடத்திலேயே நடுங்க ஆரம்பிப்பார். ஜீன்ஸ், காட்டன் டி-ஷர்ட், காட்டன் சாக்ஸ் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உள்ளாடைகூடப் பாலியஸ்டராக இருக்கட்டும்.

தோலை ஒட்டி ஒரு தெர்மல், மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ. இதன் வேலை வியர்வையைத் தோலிலிருந்து வெளியே தள்ளுவது, சூடாக்குவது அப்புறம்தான். அதற்கு மேல் ஃப்ளீஸ், அதாவது பஞ்சு மாதிரி மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை, ஒன்று அல்லது மெல்லியதாக இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத ஷெல் ஜாக்கெட், அக்குளில் ஜிப் வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த மூன்றோடுதான் நடக்க வேண்டும். பறவையின் மென்சிறகு அடைத்த தடித்த டவுன் ஜாக்கெட் என்பது நிற்கும்போதும் முகாமிலும் போட மட்டும். அதைப் போட்டுக்கொண்டு ஏறினால் பதினைந்து நிமிடத்தில் உள்ளே தொப்பலாகிவிடும், அந்த மென்சிறகு நனைந்தால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு சூடு தருவதையே நிறுத்திவிடும், அப்புறம் இரவுக்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். இதை நம்புவது கஷ்டம், ஆனால் கூடாரத்தைவிட்டு வெளியே வந்ததும் இதமாக இருந்தால் நீங்கள் ஓர் அடுக்கு அதிகம் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பத்து நிமிடம் நடந்ததும் நின்று, தேவைப்பட்டால் ஒன்றைக் கழற்றுங்கள். வியர்க்க ஆரம்பித்த பிறகு கழற்றுவதில் பயனில்லை, வியர்ப்பதற்கு முன்பே கழற்ற வேண்டும். நின்ற உடனே, குளிர ஆரம்பிப்பதற்கு முன்பே, ஜாக்கெட்டை மேலே போட வேண்டும். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை இப்படிப் போட்டுக் கழற்ற வேண்டிவரும். சலிப்பாகத்தான் இருக்கும், செய்துதான் ஆக வேண்டும்.

கைக்கு இரண்டு ஜோடி: உள்ளே மெல்லிய ஃப்ளீஸ் கையுறை, மேலே நீர் புகாத தடித்த கையுறை. நான்கு விரலும் ஒரே அறைக்குள் போகிற மாதிரி வருமே, அது விரல் தனித்தனியாக இருப்பதைவிடச் சூடு. கூடுதலாக ஒரு ஜோடி பைக்குள் கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் காற்றில் ஒரு கையுறை பறந்துபோனால் அது மேலே பெரிய ஆபத்து. தலைக்குக் காதை மூடும் கம்பளிக் குல்லா, கழுத்துக்கு பஃப் எனப்படும் குழாய் மாதிரித் துணி. நம்மவர்கள் ரயிலில் போடும் குரங்குக் குல்லா உண்மையிலேயே நல்ல பொருள், இரவுத் தூக்கத்துக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை.

காலில் போடுவது

கணுக்காலை மூடும், நீர் புகாத மலையேற்ற ஷூ. ஓட்டப் பயிற்சிக்கான ஷூ வேண்டவே வேண்டாம். வாங்கும்போது தடித்த சாக்ஸ் போட்டுப் பாருங்கள், முன்னால் விரல் அசைய இடம் இருக்க வேண்டும். இறுக்கமான ஷூ ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், அப்போதுதான் விரல் மரத்துப்போகும். குளிருகிறதே என்று இரண்டு மூன்று சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்கமாக்கிக் கொள்கிறவர்களுக்குத்தான் கால் முதலில் உறையும். புது ஷூவோடு மலைக்குப் போகாதீர்கள், ஊரிலேயே ஒரு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள்.

கெய்டர் என்பது ஷூவின் மேல்பகுதியிலிருந்து முழங்கால்வரை மூடும் உறை. பனி ஷூவுக்குள் கொட்டாமல் தடுக்கும். மைக்ரோஸ்பைக்ஸ் என்பது ரப்பர் வளையத்தில் சங்கிலியும் சிறு இரும்புப் பற்களும் கோத்தது, ஷூவின் மேல் மாட்டிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் நடை தொடங்கும் சாங்க்ரி கிராமத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும்; குழுவோடு போனால் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். வாங்கும்போது ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, சங்கிலி வளையம் விரிந்திருக்கிறதா என்று அங்கேயே இழுத்துப் பாருங்கள். மேலே போய் அறுந்தால் மாற்று கிடையாது.

ஸ்பைக்ஸ் மாட்டுவதை முந்தைய நாளே பழகிக்கொள்ளுங்கள். முதலில் ஷூவின் அடியில் ஒட்டியிருக்கும் பனியை நடைக்கம்பால் தட்டிவிட வேண்டும். பிறகு முன்விரல் பக்கத்தை நுழைத்து, நடுவில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குதிகால் பக்க ரப்பரைப் பலமாக இழுத்து மேலே ஏற்ற வேண்டும். நான்கு பக்கமும் சங்கிலி அடிப்பாகத்தில்தான் இருக்கிறதா, பக்கவாட்டில் ஏறியிருக்கிறதா என்று கடைசியாக ஒரு பார்வை. உட்கார்ந்த இடத்தில் இது ஒரு நிமிட வேலை. விடியற்காலை நாலு மணிக்கு நெற்றியில் மாட்டும் ஹெட்லாம்ப் வெளிச்சத்தில், தடித்த கையுறையோடு செய்யும்போது பத்து நிமிடம் ஆகும். கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் இரும்பைத் தொடாதீர்கள், மெல்லிய உள்கையுறையோடு செய்யுங்கள்.

ஊன்றி நடக்கும் கம்பு இரண்டு கைக்கும் வேண்டும். நுனியில் அகலமான வட்டத்தட்டு இருக்கிற மாதிரி கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் கம்பு பனிக்குள் முழுதாக இறங்கிவிடும்.

மற்ற சாமான்கள்

கறுப்புக் கண்ணாடி மிக முக்கியம். புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும், மேலே ஏற ஏறக் கதிரின் வீரியமும் கூடும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால் இரவில் கண்ணுக்குள் மணல் கொட்டிய மாதிரி எரிந்து, மறுநாள் திறக்கவே முடியாமல் போகும். பக்கவாட்டில் வெளிச்சம் புகாத, ‘கேட்டகரி 3’ அல்லது ‘கேட்டகரி 4’ என்று குறித்த கண்ணாடி வாங்குங்கள். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதன்மேல் மாட்டுகிற மாதிரி ஒன்றை ஊரிலேயே பார்த்து வாங்கிவிடுங்கள். சன்ஸ்கிரீனை மூக்குக்குக் கீழேயும் தாடைக்கு அடியிலும் பூசுங்கள், வெயில் கீழேயிருந்தும் அடிக்கும்.

தண்ணீர்க் குப்பிகள் இரண்டு, அதில் ஒன்று சூடு தாங்கும் ஃப்ளாஸ்க். குழாய் வைத்த தண்ணீர்ப் பை பனியில் உதவாது, குழாய் உறைந்துவிடும். குப்பியைத் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேலிருந்துதான் கட்டும், ஆகவே தலைகீழாக இருந்தால் அடிப்பாகம் உறைந்தாலும் மூடியைத் திறந்து குடிக்க முடியும்.

ஹெட்லாம்ப், கூடுதல் பேட்டரி. போன், பவர் பேங்க், பேட்டரி எல்லாம் உடம்போடு ஒட்டிய உள்பையில் இருக்க வேண்டும், குளிரில் 40 சதவீதம் காட்டிய போன் பட்டென்று அணைந்துவிடும். தின்பதற்கு நம் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சை, முந்திரி ஆகியவற்றைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பைக்குள் இருப்பதை எடுக்கச் சோம்பல்பட்டு யாரும் தின்பதில்லை. சாட்டிலைட் போன், சாட்டிலைட் வழிச் செய்தி அனுப்பும் கருவி எதையும் வெளிநாட்டு நண்பர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு வராதீர்கள். அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து டேராடூன். டிசம்பர், ஜனவரியில் டெல்லிப் பக்கம் மூடுபனியால் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும், அதனால் டேராடூனில் ஓர் இரவு தங்குகிற மாதிரி திட்டம் போடுங்கள். டேராடூனிலிருந்து சாங்க்ரி சுமார் 200 கி.மீ.தான், ஆனால் முசூரி, நௌகாவ், புரோலா, மோரி என்று வளைந்து வளைந்து போகிற மலைப்பாதை, எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஆகும். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும். பணத்தை டேராடூனிலேயே எடுத்துவிடுங்கள். நேத்வாரில் ரூபின், சுபின் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து டோன்ஸ் ஆகிற இடம் வரும். அங்கே வனத்துறைச் சோதனைச் சாவடியில் நுழைவுக் கட்டணம் உண்டு, ஆதார் நகல் இரண்டு மூன்று கையில் இருக்கட்டும். அதற்கு அப்பால் போன் சிக்னலை நம்பக் கூடாது. வீட்டுக்கு “இன்ன தேதிவரை பேச முடியாது, இன்ன தேதிக்குள் கூப்பிடுவேன்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

உள்ளூர்க் கைடு இல்லாமல் போகாதீர்கள். சாங்க்ரி, சௌர் கிராமத்துப் பிள்ளைகள் இந்தக் காட்டிலேயே ஆடு மேய்த்து வளர்ந்தவர்கள், மேகம் திரளுவதைப் பார்த்தே எத்தனை மணிக்குப் பனி கொட்டும் என்று சொல்லிவிடுவார்கள். பெரிய நிறுவனத்தின் வழியாகப் போனாலும் தனியாக ஏற்பாடு செய்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை பேருக்கு ஒரு கைடு, ஆக்சிஜன் சிலிண்டரும் ஸ்ட்ரெச்சரும் உண்டா, ஸ்லீப்பிங் பேக் (உள்ளே புகுந்து தூங்கும் பை) எத்தனை டிகிரி வரை தாங்கும். மூன்றாவது கேள்விக்குப் பதில் ‘கம்ஃபர்ட்’ அளவில் வேண்டும். பையின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் ‘எக்ஸ்ட்ரீம்’ அளவு என்பது உயிர் பிழைப்பதற்கான எல்லை, தூங்குவதற்கானது இல்லை. ஜனவரியில் மேல் முகாமில் இரவு மைனஸ் 10க்குக் கீழேயும் போகும்.

பனியில் நடப்பது எப்படி

முதல் நாள் சாங்க்ரியிலிருந்து ஜூடா கா தாலாப்வரை, காட்டுக்குள் ஏறுமுகமாக நாலைந்து மணி நேரம். 6,400 அடியிலிருந்து 9,100 அடி. தொட்டபெட்டா, ஆனைமுடி இரண்டையும்விட இந்த முதல் முகாம் உயரம், அதாவது தென்னிந்தியாவில் எங்கே ஏறியிருந்தாலும் இந்த உயரத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

புதுப்பனியில் ஏறும்போது ஷூவின் முன்பக்கத்தால் ஓர் உதை உதைத்துப் படி மாதிரி ஆக்கி, அது தாங்குகிறதா என்று பார்த்து, பிறகு முழு எடையையும் ஏற்ற வேண்டும். முன்னால் போனவரின் அடித்தடத்திலேயே கால் வைத்தால் பாதி உழைப்பு மிச்சம். சரிவின் குறுக்கே போகும்போது மேட்டுப்பக்க ஷூ ஓரத்தைப் பனியில் அழுத்திப் பதியுங்கள். இறங்கும்போது பயத்தில் பின்னால் சாய்வதுதான் எல்லோரும் செய்வது, அப்படிச் சாய்ந்தால் வழுக்கத்தான் செய்யும். உடம்பை நேராக வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, குதிகாலைப் பனிக்குள் குத்தி இறக்குங்கள். பலர் நடந்து நடந்து இறுகி ஐஸ் ஆன பாதையில் இது எதுவும் செல்லாது. அங்கே ஸ்பைக்ஸ் மாட்டி, பாதம் முழுவதையும் தட்டையாக வைத்து, சின்னச் சின்ன அடியாக நடக்க வேண்டும். ஒரு தடவை வழுக்கிய பிறகு மாட்டலாம் என்று காத்திருக்காதீர்கள்.

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், வியர்வையும் அதிகம்.

பாதையைவிட்டு விலகாதீர்கள். அடர்ந்த மரத்தடியிலும் பாறை ஓரத்திலும் பனிக்கு அடியில் பொந்து இருக்கும், பார்க்க மட்டமாகத் தெரியும், கால் வைத்தால் இடுப்புவரை இறங்கும். தனியாகத் தெரிகிற அடித்தடத்தைப் பார்த்து அதுதான் பாதை என்று போகவும் கூடாது, ஒதுங்கப் போனவரின் தடமாக இருக்கும். இன்னொன்று: ஜூடா கா தாலாப் ஏரி குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும், படம் எடுக்க அதன்மேல் ஏறி நடுவரை போகிறவர்களை நிறையப் பார்க்கலாம். ஐஸ் எங்கே எவ்வளவு கனம் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கரையிலேயே நின்று எடுங்கள், படம் நன்றாகத்தான் வரும்.

முகாமில் இரவு

முகாமுக்கு வந்த ஐந்து நிமிடத்துக்குள் ஈரமான துணியைக் கழற்றிவிட்டு உலர்ந்ததை மாற்ற வேண்டும். ஒருவர் களைத்துப்போய் வந்த கோலத்திலேயே உட்கார்ந்திருந்தால் கூட இருப்பவர்கள் விடாமல் மாற்ற வையுங்கள். தூங்குவதற்கென்று ஒரு தெர்மல், ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ், இவற்றைப் பாலித்தீன் பையில் கட்டித் தனியாக வைத்துக்கொண்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் மட்டுமே போடுங்கள். பகலில் நனைந்த சாக்ஸைப் பிழிந்து, உள்தெர்மலுக்கும் ஃப்ளீஸுக்கும் நடுவில் வயிற்றோடு வைத்துப் படுத்தால் காலையில் காய்ந்திருக்கும்.

ஷூவைக் கூடாரத்துக்கு வெளியே விடவே விடாதீர்கள். காலையில் கட்டையாக உறைந்து கால் நுழையாது. ஒரு பையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் வைத்துக்கொள்ளலாம். கயிற்றை நன்றாகத் தளர்த்தி, ஷூவின் நாக்கை வெளியே இழுத்து, வாய் அகலமாக இருக்கும்படி வைத்தால் லேசாக உறைந்தாலும் கால் போகும். வெந்நீர் நிரப்பிய குப்பியை ஒரு சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரிக்குச் சூடு, காலையில் உறையாத தண்ணீர். படுப்பதற்கு முன் நெய்யோ வெண்ணெயோ சேர்த்து வயிறாரச் சாப்பிட வேண்டும், உடம்பு இரவெல்லாம் சூடு உண்டாக்க அதுதான் விறகு. நடுராத்திரியில் சிறுநீர் முட்டினால் குளிருக்குப் பயந்து அடக்காதீர்கள், போய்விட்டு வந்தால்தான் மறுபடி தூக்கம் வரும். அதற்குப் பயந்து மாலையிலேயே தண்ணீரைக் குறைப்பது அதைவிடப் பெரிய தப்பு.

மூச்சை ஸ்லீப்பிங் பேக்குக்குள் விடாதீர்கள். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும், இல்லையென்றால் பைக்குள்ளேயே ஈரம் சேரும்.

கூடாரத்துக்குள் அடுப்போ கரிச்சட்டியோ ஒருபோதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளிர்காலத்தில் வட இந்தியாவில் மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துத் தூங்கி இறந்தவர்கள் செய்தி வராத வருடமே இல்லை.

உயரம் செய்கிற வேலை

உச்சியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், தூக்கமின்மை ஆகியவை வந்தால் உயர நோய் என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். லேசாக இருந்தால் அதே இடத்தில் ஓய்வு, தண்ணீர். குறையும்வரை மேலே ஏறக் கூடாது. கூடினால் இறங்க வேண்டும், இரவு என்றாலும் இறங்க வேண்டும். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரையோ ரத்தமோ வந்தால், மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்று அர்த்தம். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே உடனே கீழே கொண்டுபோக வேண்டும்.

3,000 மீட்டருக்கு மேலே போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குள் கூட்டுவது நல்லது என்பது பொதுவான விதி. ஜூடா கா தாலாபிலிருந்து 11,250 அடியில் இருக்கும் அடுத்த முகாமான பேஸ் கேம்ப் அதைவிடக் கொஞ்சம் அதிகம் ஏறுகிறது. கடலோரத்திலிருந்து மூன்றே நாளில் வந்து நிற்கிற நமக்கு ஜூடா கா தாலாபில் இன்னோர் இரவு தங்கினால் மிகவும் நல்லது, நாள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். உயர நோய் வராமலிருக்க அசிட்டசோலமைட் மாத்திரையைச் சிலர் முன்கூட்டியே எடுத்துக்கொள்வார்கள், வழக்கமான அளவு 125 மி.கி. இரண்டு வேளை. ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு ஆகாது, ஆகவே மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும். தூக்க மாத்திரை, மது இரண்டும் மேலே கூடாது. பிராந்தி குடித்தால் சூடு என்பது பொய், அது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து உள்சூட்டைத்தான் வெளியே விடும்.

உச்சி நாள்

விடியற்காலை மூன்று, நாலு மணிக்குக் கிளம்புவார்கள். சூரிய உதயம் பார்க்கத்தான் என்று நினைக்கிறார்கள், உண்மையான காரணம் பனி. இரவில் இறுகிய பனி காலை எட்டு ஒன்பதுவரை கெட்டியாகத் தாங்கும், அப்புறம் இளகும். மதியத்துக்குமேல் மேகமும் காற்றும் கூடும். டிசம்பரில் ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

கிளம்பும் முன்பே கைடிடம் பேசித் திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். பத்து மணி என்று வைத்தால் பத்து மணி. உச்சி கண்ணெதிரே நூறு மீட்டரில் இருந்தாலும் திரும்ப வேண்டும். கடைசி ஏற்றம் மரங்கள் எல்லாம் கீழே நின்றுவிட்ட பிறகு திறந்த சரிவில் வருவது, அங்கேதான் காற்று நேராக அடிக்கும், அங்கேதான் ஆட்கள் நேரத்தை மறப்பார்கள். உச்சியில் சிறு கற்குவியலும் திரிசூலமும் இருக்கும். சுற்றிலும் சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் சிகரங்கள். ஜாக்கெட்டைப் போடுங்கள், சூடாக ஏதாவது குடியுங்கள், பாருங்கள், இருபது நிமிடத்துக்குள் இறங்குங்கள்.

குளிர் தாக்கினால்

உடம்பின் உள்சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவதுதான் ஆபத்து. அடையாளம் நடுக்கம், கை தடுமாறி ஜிப் போட முடியாமை, கால் இடறுவது, முணுமுணுப்பு, காரணமில்லாத எரிச்சல். நடுங்கிக்கொண்டிருந்த ஆள் நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அது மிக மோசமான கட்டம். காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், தரைக்கும் உடம்புக்கும் நடுவில் பாயோ பையோ போட்டு, ஈரத் துணியை மாற்றி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்து, அக்குளிலும் மார்பிலும் துணி சுற்றிய வெந்நீர்க் குப்பி வையுங்கள். விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம். கை கால்களைத் தேய்க்காதீர்கள், எழுப்பி நடக்க வைக்காதீர்கள்.

விரல், மூக்கு, காது மரத்து வெளுத்தால் உடனே நின்று கவனியுங்கள். அக்குளிலோ கூட வருபவரின் வயிற்றிலோ வைத்துச் சூடாக்கினால் ஆரம்ப நிலையில் திரும்பிவிடும். மெழுகு மாதிரி இறுகிவிட்டால் பனியால் தேய்ப்பது, நெருப்பில் காட்டுவது இரண்டும் தசையை இன்னும் சிதைக்கும். 37 முதல் 39 டிகிரி வெந்நீரில்தான் இளக்க வேண்டும், அதுவும் மறுபடி உறைய வாய்ப்பே இல்லாத இடத்துக்கு வந்த பிறகு.

குளிர்காலத்தில் மட்டும் நடப்பது இல்லை இது. 2024 ஜூன் மாதம் இதே உத்தரகாசிப் பக்கம் சஹஸ்த்ர தால் ஏரிக்கு மலையேறிப் போன கர்நாடகக் குழு ஒன்று பனிப்புயலில் மாட்டி 9 பேர் இறந்தார்கள்.

பனிச்சரிவு

கேதார்காந்தா பாதை பெரும்பாலும் காட்டுக்குள்ளும் மேட்டு முதுகிலும் போவதால் இந்த ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு, ஆனால் வேறு மலைக்குப் போகுமுன் தெரிந்திருக்க வேண்டும். 30 முதல் 45 டிகிரிவரை சாய்ந்த சரிவுகள்தான் அதிகம் சரியும். கனத்த பனி பெய்த அடுத்த 24 மணி நேரம், பலத்த காற்றுக்குப் பிறகு, திடீரென்று வெயில் ஏறிய நாள் ஆகியவை மோசமான நேரங்கள். காலடியில் ‘வும்’ என்று அமுங்கும் சத்தம் வந்தாலோ, கால் வைத்த இடத்திலிருந்து விரிசல் ஓடினாலோ அந்தச் சரிவிலிருந்து வந்த வழியே விலகுங்கள். புதைந்தவரை ஏறக்குறைய 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தாண்டா சிகரத்தில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழுவில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது பனிச்சரிவில்தான். முறையாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் சண்டிகர் ஆய்வகம் குளிர்காலத்தில் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது, கைடிடம் அதைக் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

இறங்கும்போது

உச்சியிலிருந்து உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்குவது கேதார்காந்தாவில் எல்லோரும் ஆசைப்படுவது. கைடு காட்டிய இடத்தில், கீழே பாறையோ மரமோ இல்லாத சரிவில் மட்டும் செய்யலாம். சறுக்குவதற்கு முன் ஸ்பைக்ஸைக் கழற்றியே ஆக வேண்டும். வேகமாகப் போகும்போது பற்கள் ஐஸில் மாட்டினால் பாதம் நின்றுவிடும், உடம்பு போய்க்கொண்டே இருக்கும், கணுக்கால் முறியும்.

பேஸ் கேம்ப்புக்கு வந்ததும் சாக்ஸைக் கழற்றி விரல் ஒவ்வொன்றையும் பாருங்கள். கொண்டுபோன டிஷ்யூ, நாப்கின், மிட்டாய்க் காகிதம் எல்லாம் உங்கள் பையில்தான் கீழே வர வேண்டும். பனியில் புதைத்தால் ஏப்ரலில் அப்படியே வெளியே வந்து, சாங்க்ரி மக்கள் குடிக்கிற ஓடைக்குத்தான் போய்ச் சேரும்.

சாங்க்ரியிலிருந்து டேராடூனுக்கு வண்டிகள் காலையிலேயே கிளம்பிவிடும். முந்தைய இரவு பனி கொட்டியிருந்தால் சாலை அடைபட்டு, அதை ஒதுக்கும்வரை நாள் முழுக்கக் காத்திருக்க நேரலாம். ஆகவே டேராடூன் போய்ச் சேர்கிற அன்றே இரவு ரயிலுக்கோ விமானத்துக்கோ டிக்கெட் போடாதீர்கள், மறுநாளுக்குப் போடுங்கள்.